போதகரின் இளநீர்

ஞாயிறு ஆராதனை முடிந்து முற்றத்தில் நடக்கிற அந்த அறிவிப்பைக் கேட்டாலே மசினாவுக்கு வயிறு எரியும். போதகர் வீட்டு விருந்துக்கு எந்தக் குடும்பத்திலிருந்து என்ன வந்திருக்கிறது என்று, ஊருக்காகப் பேசுகிற தலைவர் துவிலோமா கோலை ஊன்றி நின்று கூவுவார். கடலில் படகோட்டிப் போகிறவனுக்கும் கேட்கும். ஃபலனிகா குடும்பம், ஆரஞ்சுக் கலர் சோடா ஒரு பெட்டி, டின் மாட்டிறைச்சி ஒரு பெட்டி. லேவாவோ குடும்பம், வான்கோழி வால் ஒரு பெட்டி, கிரீம் பிஸ்கட் ஒரு வாளி. பெயர் சொல்லப்படுகிற குடும்பத்தார் தரையைப் பார்த்தபடி அடக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். காது மட்டும் அடுத்த குடும்பத்துக்கு எத்தனை பெட்டி என்பதிலேயே இருக்கும்.

இவ்வளவும் யாருக்கு? மசினாவின் கணவர் எசேக்கியா போதகருக்கு. இடது காலில் செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாத, ஒரு கை நிறைய மாத்திரை விழுங்கிவிட்டுப் பிரசங்க மேடை ஏறுகிற சர்க்கரை வியாதிக்காரருக்கு. வான்கோழியின் உடம்பை எந்த நாட்டுக்காரனோ தின்றுவிட்டு, கொழுப்பு சொட்டுகிற வாலை மட்டும் பெட்டி கட்டி சமோவாவுக்கு அனுப்புகிறான். நம்மவர்கள் அதையும் காசு கொடுத்து வாங்கி, கடவுளுடைய ஊழியக்காரருக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அந்தக் குடும்பத்தின் முகத்தில் துப்பிய மாதிரி. திருப்பி அனுப்பினால் அதைவிட மோசம்.

தலைநகர் ஆப்பியாவின் ஆஸ்பத்திரி டாக்டரம்மா அந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"கிட்னி பாதிக்கு மேல போயிடுச்சு. சர்க்கரை இறங்கலைன்னா மெஷின்தான். வாரத்துக்கு மூணு நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். வாழ்நாள் பூரா."

அந்த வருஷங்களில் மெஷின் ஆப்பியாவில் மட்டும்தான் இருந்தது. அவர்கள் இருந்ததோ கடலுக்கு இந்தப் பக்கம், சவாயித் தீவில். மெஷின் என்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். ஊரை விட்டால் சபை இல்லை. சபை இல்லையென்றால் ஊர் கட்டிக்கொடுத்த வீடும் இல்லை. ஆப்பியாவில் தன் தம்பி வீட்டுப் பின்னறையில், வாரம் மூன்று நாள் ஊசி குத்திக்கொண்டு கிடக்கிற எசேக்கியாவை மசினா நினைத்துப் பார்த்தாள். அப்படி நடக்க விடமாட்டேன் என்று திரும்புகிற கப்பலிலேயே முடிவு செய்துவிட்டாள்.

வீட்டுக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். கோக்கோவிலிருந்து சர்க்கரை போனது. நூடுல்ஸ் பாக்கெட்டுகள் போயின. மீன் அவித்து, சேப்பங்கிழங்கை எண்ணி வைத்தாள். "கைதிக்குக்கூட இதைவிட நல்லா போடுவாங்க" என்று எசேக்கியா முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறுதோறும் வருகிற கலர்ப் பெட்டிகளுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு பள்ளி முடிந்ததும் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கொரு டின் கொடுத்துவிடுவாள். காணிக்கையைத் திருப்பி அனுப்பிய பழியும் இல்லை, எசேக்கியா கைக்கும் போகாது. தன் கெட்டிக்காரத்தனத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

மிஞ்சியது முறைக்காகக் குடிக்கக் கொடுக்கிற டின் மட்டும்தான். அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மதிப்புக்குரிய ஆளுக்கு எதைக் கொடுப்பதற்கு முன்னாலும் முதலில் குடிக்கக் கொடுப்பது நம் வழக்கம். எல்லார் கண் முன்னாலும், அதன் வாயைத் திறந்து, ஓரத்தில் ஒரு பண நோட்டையும் செருகி. வாங்கியவர் அங்கேயே குடித்தாக வேண்டும். ஒரு காலத்தில் அது இளநீராக இருந்தது. எப்போது என்று யாருக்கும் தெரியாமல் கலர் டின்னாக மாறிவிட்டது. சாவு வீட்டில் ஒன்று, கல்யாணத்தில் ஒன்று, ஞாயிறு அறிவிப்புக்கு முன்னால் குடும்பத்துக்கு ஒன்று. வீட்டில் அவள் ஒரு வாரம் பாடுபட்டு இறக்கிய சர்க்கரையை ஊர் ஒரு காலையில் ஏற்றிவிடும்.

துவிலோமாவிடம் போனாள். பெரியவர் காவா வேர்ச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தைச் சரித்து முதல் நாலு சொட்டைத் தரையில் விட்டு, "நலமா இருங்க" என்றார். "ஆயுசோட இருங்க" என்று முறைப்படி பதில் சொல்லிவிட்டு மசினா உட்கார்ந்தாள்.

"ஐயா, உங்க தாத்தா காலத்துல போதகருக்கு டின்னையா கொடுத்தாங்க?"

"அப்ப ஏதும்மா டின்னு. இளநீர்தான்."

"அப்ப இப்ப நாம செய்யறது முறையா? நான் வெளியூர்க்காரி, எனக்கு என்ன தெரியும். சும்மா கேட்டேன்."

சரியான இடத்தில் கை வைத்தாள். முறை என்ற சொல்லைக் கேட்டால் துவிலோமாவுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"முறை இல்லதான்." கொஞ்சம் யோசித்தார். "போதகருக்குச் சர்க்கரைங்கறதுக்காகவாம்மா கேக்குறே?"

"அதுவும்தான்."

"எனக்கும்தான் சர்க்கரை. எனக்காக யாரும் இளநீர் கேட்டு வரலையே." சிரித்தார். கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டார். "சரி, சொல்லிடறேன். இனிமே டின்னு கிடையாது."

அடுத்த ஞாயிறு துவிலோமா அதை ஊர்க் கட்டளையாகவே கூவினார். நம் முன்னோர் கொடுத்தது இளநீர், நாமும் அதையே கொடுப்போம் என்று அரை மணி நேரம் பேசினார். மசினாவுக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது.

இளநீர்கள் வந்தன. பச்சை மட்டை, மேலே சீவிய சதுரம், ஓரத்தில் செருகிய நோட்டு. கொடுப்பவர் மசினாவிடம் நீட்டுவார், அவள் வாங்கிக் கணவர் கையில் வைப்பாள். அவர் ஒரே மூச்சில் குடித்து முடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு குடித்ததைப் பார்த்து, பாவம், உடம்புக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ என்று அவள் மனம் நிறைந்துபோனாள். குடித்த பிறகு அடிக்கடி ஏப்பம் விட்டார். வயசானால் அப்படித்தான் என்று நினைத்தாள். இந்த இடத்தில் அவள் தலையில் குட்டலாம் போல எனக்கு வருகிறது. இளநீர் குடித்தவன் எங்காவது ஏப்பம் விடுவானா?

அடுத்த சோதனைக்கு ஆப்பியா போனபோது, பரிசு வாங்கப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"ஏறியிருக்கு."

"இருக்காது டாக்டர். வேற யாரோடதாவது மாறியிருக்கும்."

"மாறலை. என்ன குடிக்கிறார்?"

"கலர்ங்கறதே கிடையாது. வெறும் இளநீர். அதுவும் ஞாயித்துக்கிழமை மட்டும். சத்தியமா சொல்றேன்."

"இளநீர்ல இவ்வளவு ஏறாதும்மா. ரெண்டு பேர்ல ஒருத்தர் எங்கிட்ட பொய் சொல்றீங்க. இன்னும் ஒரு மாசம் பாக்கறேன். அதுக்கப்புறம் மெஷினுக்குப் பேர் எழுதிடுவேன்."

கப்பலில் மசினா கரை மறைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எங்க ஒளிச்சு வச்சு தின்னுறீங்க?"

"எதையும் ஒளிக்கலை."

"பொய் சொல்லாதீங்க. ஊருக்குப் பிரசங்கம் பண்ற வாய்."

"நீ கையில கொடுக்கறதைத்தான் வாயில வைக்கிறேன். அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலுக்கு அடியில், பிரசங்கப் புத்தகங்களுக்குப் பின்னால், கூரைச் சந்தில், எல்லா இடத்திலும் தேடினாள். ஒரு பிஸ்கட் தூள்கூட அகப்படவில்லை. தன் கணவரைத் திருடனைப் போலச் சோதனை போட்டுவிட்டோமே என்று அன்று சாயங்காலம் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அவித்த மீனோடு ஒரு துண்டு சேப்பங்கிழங்கு கூடுதலாக வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில்தான் விஷயம் உடைந்தது. ஞாயிறு குடித்துப்போட்ட இளநீர்க் கூடுகள் சமையல் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும். வெட்டிப் பிளந்து தேங்காயைப் பன்றிகளுக்குப் போடுவது வழக்கம். அன்று வழக்கமாக அதைச் செய்கிற ஆள் வரவில்லை என்று அவளே கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். கூடுகளின் மேல் எறும்பு கறுப்பாக மொய்த்துக்கொண்டிருந்தது. ஒன்றை உதறிவிட்டுப் பிளந்தாள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய தேங்காய் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அடுத்ததைப் பிளந்தாள், அது ரோஸ். இன்னொன்று நல்ல வெள்ளை. அப்பாடா என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். எலுமிச்சைக் கலர் தித்தித்தது.

கத்தியைக் கையில் பிடித்தபடியே ஆரஞ்சுக் கூட்டோடு வீட்டுக்குள் போனாள். எசேக்கியா மேஜையில் உட்கார்ந்து அடுத்த வாரத்துப் பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். கூட்டைத் தாளின் மேலேயே வைத்தாள்.

"இது என்ன?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "தேங்கா."

"நிறத்தைப் பாருங்க."

அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. கத்தியைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"முதல் வாரமே தெரியும்."

மசினா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வாயில வச்சா ஆரஞ்சு. ஃபலனிகா எதிர்லயே உக்காந்து பாத்துட்டு இருந்தாங்க. நான் என்ன பண்ணட்டும்? அத்தனை பேர் முன்னால துப்பவா?" என்றார் எசேக்கியா.

"துப்ப வேண்டாம். வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லலாமில்ல? அடுத்த வாரம் சொல்லலாமில்ல? டாக்டர் முன்னால நான் சத்தியம் பண்ணேனே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமில்ல? பொய் சொல்றேன்னு என்னைத்தானே பாத்தாங்க அந்தம்மா?"

"அவங்க மனசு நோகக் கூடாதுன்னு…"

"பூசி மெழுகாதீங்க."

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"நல்லா இருந்துச்சு, மசினா."

அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. இந்த மனிதருக்காகக் மீனை அவித்து அவித்துக் கை வெந்தது, ஊரார் மத்தியில் கஞ்சப் பிசினாறி என்று பெயர் எடுத்தது, கப்பலில் தலை சுற்ற ஏறி இறங்கியது, எல்லாம் அந்த மூன்று சொல்லில் கரைந்துபோயிற்று. அதைவிடக் கொடுமை, அவர் பொய் சொல்லவில்லை. கப்பலில் சொன்னதும் பொய்யில்லை. அவள் கையில் கொடுத்ததைத்தான் வாயில் வைத்தார்.

"மெஷின்ல படுத்துக்கிட்டும் இதையே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு வைத்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிறு வந்தது. முற்றத்தில் பாய் விரித்து எல்லாரும் வெள்ளை உடுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். துவிலோமா கோலை ஊன்றி எழுந்தார். முதல் இளநீரோடு ஃபலனிகா வந்தாள். மாதர் சங்கத்துக்குத் தலைவி, ஊரில் வாய் உள்ளவள். மசினா அதை வாங்கினாள். வழக்கமாகப் பக்கத்தில் திரும்பிக் கணவர் கையில் வைப்பவள், அன்று தன் வாயில் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள். நாக்கில் சுறுசுறுவென்று ஏறியது. போதகர் மனைவி அவருக்கு வந்ததை முந்திக் குடிப்பதை யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, இதுல இருக்கறது இளநீர் இல்ல."

ஃபலனிகா தன் குடும்பத்தார் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இவருக்கு இன்னும் ஒரு மாசம்தான் டாக்டர் தவணை கொடுத்திருக்காங்க. அப்புறம் மெஷின். நாங்க ஊரை விட்டே போகணும். தெரிஞ்சுதான் செஞ்சீங்களா? விஷத்தை என் கையாலயே கொடுக்க வச்சுட்டீங்களே."

"கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றார் துவிலோமா.

"உக்கார மாட்டேன் ஐயா."

ஃபலனிகா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என் பையனுங்க ரெண்டு பேரும் நியூசிலாந்துல ஆப்பிள் பறிக்கிறானுங்க. மரம் ஏற இந்த ஊர்ல யார் இருக்கா? துறட்டியால தள்ளினா முத்தின காய்தான் விழுது. தண்ணி கரிக்குது. அதையா போதகர் கையில கொடுக்கச் சொல்றீங்க?"

"அதைக் கொட்டிட்டு நல்ல தண்ணியாவது ஊத்தியிருக்கலாமே அக்கா."

"பச்சைத் தண்ணியையா? பேரைக் கூவிச் சொல்ற எடத்துல?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. மற்ற இளநீர்களைப் பிடித்திருந்தவர்கள் சிரிக்கவில்லை. மடியில் இருந்ததை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஃபலனிகா மட்டும்தான் இதைச் செய்தாள் என்பது இல்லை. யார் முதலில் செய்தது என்பதுதான் தெரியாது. சிரிப்பு அடங்கியதும் ஃபலனிகா குரலை இறக்கிப் பேசினாள்.

"விஷம்னு சொல்றீங்க. இருக்கட்டும். நாங்க கொடுத்த பெட்டியெல்லாம் எங்கம்மா போச்சு? எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? வாராவாரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சுக் கொடுத்தீங்க. அவருக்குன்னு கொண்டு வந்தது, ஒரு வாயாவது அவர் குடிக்கட்டுமேன்னுதான் இதுல ஊத்தினோம். எங்க லீலோவுக்கு முன்பல் ரெண்டும் கறுத்துப்போச்சு. ஆறு வயசு. உங்க வீட்டுக்காரருக்குன்னா விஷம், அவளுக்குன்னா இனிப்பா?"

பிள்ளைகள் வரிசையில் நின்றது மசினாவின் கண்ணுக்குள் வந்தது. முதல் ஆளாக நிற்க முட்டி மோதுகிற அந்த லீலோவும் வந்தாள். அவளுக்குச் சில நாள் இரண்டு டின்கூடக் கொடுத்திருக்கிறாள். அந்தக் கலர் இன்னும் நாக்கில் தித்தித்தது. காறித் துப்ப வேண்டும் போல இருந்தது, துப்பவில்லை.

அப்போது எசேக்கியா கையை நீட்டினார்.

"கொடு, மசினா. எனக்கு வந்தது."

அவள் கொடுத்தாள். போராடத் தெம்பில்லாமல்தான் கொடுத்தாள். குடித்துத் தொலையட்டும் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தாள். கூட்டத்தில் பெருமூச்சு கேட்டது. போதகர் எப்போதும் போலக் குடித்து எல்லாருடைய மானத்தையும் காப்பாற்றிவிடுவார் என்று நம்பினார்கள்.

எசேக்கியா தடுமாறி எழுந்து நின்றார். இளநீரை இரண்டு கையாலும் பிடித்து, காவா குடிப்பவர் செய்வதைப் போல முதலில் நாலு சொட்டைப் பாய்க்கு வெளியே தரையில் விட்டார். பிறகு நிறுத்தவில்லை. சரித்துக்கொண்டே போனார். ஆரஞ்சுக் கலர் நுரைத்து மணலில் இறங்கியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் ரத்தம் கொட்டுகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். கடைசிச் சொட்டு வரை ஊற்றி முடித்து, கூட்டைக் கவிழ்த்துக் காட்டினார்.

"நலமா இருங்க" என்றார்.

எல்லார் கண்ணும் துவிலோமா மேல் போயிற்று. முறை தெரிந்தவர் அவர்தான். அவர் மணலைப் பார்த்தார், கட்டுப் போட்ட தன் காலைப் பார்த்தார்.

"சிந்தணும்னுதான் முறை. எவ்வளவுன்னு முறையில இல்ல" என்றவர், கோலைத் தட்டி, "ஆயுசோட இருங்க" என்று கூவினார். ஊர் முனகலாகத் திருப்பிச் சொன்னது. ஃபலனிகாவும் சொன்னாள், கடைசியாக.

அடுத்தடுத்து வந்த இளநீர்களையும் எசேக்கியா அப்படியே ஊற்றினார். பெட்டிகளின் அறிவிப்பும் பழையபடி நடந்தது. பழக்கம் ஒரு காலையில் போய்விடுமா? எல்லாம் முடிந்து மசினா வீட்டுப் பக்கம் திரும்பியபோது, பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். முதல் ஆள் லீலோ.

"இன்னைக்கு இல்லம்மா. இனிமே கிடையாது."

"போன வாரம் கொடுத்தீங்க?" லீலோ கறுத்த பல் தெரியக் கேட்டாள். முற்றத்தில் ஃபலனிகா குடும்பம் இறக்கிய பெட்டிகள் வெயிலில் கிடந்தன. அவற்றை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

எசேக்கியா முன்னால் போய்க்கொண்டிருந்தார். படியேறும்போது மரத்துப்போன காலை ஒருமுறை பார்த்து வைத்தார். யாரும் பின்னால் வரவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். வலது கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பினார்.

"என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டு விரலை எடுத்தார். "ஒண்ணுமில்ல. ஒட்டுது."

மசினா இரண்டு எட்டில் போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். தன் வெள்ளை உடுப்பில் வைத்து அழுந்தத் துடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, அந்தக் கறை போகாது. தெரிந்துதான் துடைத்தாள். விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் துடைத்தாள். எசேக்கியா கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றிருந்தார். அவள் முடித்ததும் மற்றக் கையையும் அவரே நீட்டினார்.